'கொடுங்கையூர்' என்று தேடினால் கொடுங்கையூர் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில். அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருஷம். டிஜிட்டல் தடயவியலில் புராஜெக்ட் செய்ய ஆசை. டீமில் மூன்று பேர். 'ஏ.ஐ. மூலம் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் ஆப்' என்று டைட்டில் கொடுத்தோம். கைடு "டேட்டா எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பர்மா பஜாரில் பத்து பழைய போன் வாங்கி, அழிந்த மெசேஜ், போட்டோக்களை மீட்டு ஆராய்ச்சி செய்யலாம் என்கிறான் நண்பன். டேட்டாபேஸ் டிசைனும் காட்டினோம். 'யூசர்' என்று ஒரு டேபிள், போன் நம்பர் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ஆளையும் அடையாளம் காட்டும் எண். அதற்கும் "யோசிச்சுட்டு வாங்க" என்றார். இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. சீனியர்கள் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கச் சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப். என்ன தலைப்பு எடுக்கலாம்? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: தம்பிக்கு. அக்கா என்று எழுதியிருக்கிறாய். நானும் ராயபுரத்தில் வளர்ந்தவள். அதனால் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன்.

கைடு திருப்பி அனுப்பியதில் உனக்கு மனத்தாங்கல் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. எங்கள் தொழிலே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் தலைப்பு தானாக வந்து நிற்கும்.

நான் தம்புச் செட்டித் தெருவில் உட்கார்ந்து, வக்கீல்கள் கொண்டுவரும் போன், லேப்டாப், சிசிடிவி பதிவுகளைப் பரிசோதித்து அறிக்கை தருகிறேன். இத்தனை வருஷத்தில் "குற்றவாளி யார்?" என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். என்னிடம் வருபவை சின்னச் சின்னக் கேள்விகள். இந்தப் படம் இந்த போனில்தான் எடுத்ததா? இந்த மெசேஜை அழித்தார்களா, இல்லை வரவே இல்லையா? அழித்திருந்தால் எப்போது? இப்படி ஒரு கேள்விக்கு 'ஆம்', 'இல்லை', 'சொல்ல முடியாது' என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லி, ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று காட்ட வேண்டும். உங்கள் ஆப் தவறான ஆளைக் காட்டினால் உங்களுக்குப் போவது பத்து மார்க். அந்த ஆள் போகும் இடம் புழல். அந்தத் தலைப்பைக் கையை விட்டது நல்லதுதான்.

பழைய போன் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். அதற்கு ஒரு நல்ல பரம்பரையே இருக்கிறது. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்று இரண்டு பேர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கினார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைத்திருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவ விவரங்கள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடந்தன. 2003-இல் அவர்கள் எழுதிய கட்டுரையை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு ஹார்ட் டிஸ்க்கில் பூட்டு கிடையாது. ஆண்ட்ராய்டு 10-ஓடு விற்பனைக்கு வந்த போன்களிலிருந்து உள்ளே இருக்கும் டேட்டா கட்டாயமாக என்கிரிப்ட் ஆகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் சாவியே அழிந்துபோகும். பத்து போனுக்குப் பணம் கொடுத்து பத்து காலிப் பெட்டிகளை வாங்கி வருவாய். அதற்கும் முந்தைய போன் என்றால் இன்னொரு பிரச்சினை. உண்மையிலேயே ஏதாவது கிடைத்துவிடலாம். யாரோ ஒரு பெண்ணின் குடும்பப் படங்கள், யாருடைய வங்கி மெசேஜோ. போனுக்கு நீ காசு கொடுத்தாய் என்பதற்காக அதில் இருக்கும் வாழ்க்கை உன்னுடையதாகாது. மூன்று பையன்கள் பார்த்துவிட்ட படத்தைப் பார்க்காததாக ஆக்கவும் வழி கிடையாது. பில் இல்லாமல் வாங்கியது திருட்டு போனாக இருந்தால் ஸ்டேஷன் வரை போக வேண்டிவரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளைப் படித்துவிடு. அனுமதியில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு பிறர் டேட்டாவை எடுத்தால் 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உனக்கு அந்த எண்ணம் இல்லை, தெரியும். அதை விளக்கிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு நீ போக வேண்டாம்.

அப்படியானால் டேட்டாவுக்கு எங்கே போவது? நீயே உண்டாக்கு. பில்லோடு ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன், அல்லது வீட்டில் சும்மா கிடக்கும் போன். ரீசெட் செய்து, கற்பனையாக ஒரு ஆளுக்கு அதைக் கொடு. பத்து நாள் அந்த ஆளாக இருந்து மெசேஜ் அனுப்பு, படம் எடு, அழி, மறுபடி எழுது. ஒவ்வொன்றையும் செய்யும்போதே ஒரு நோட்டில் எழுது: தேதி, மணி, நிமிஷம், என்ன வார்த்தை, எந்தக் கீபோர்டில், எந்த ஆப், அந்த ஆப்பின் வெர்ஷன் என்ன. பிளஸ் டூ பேப்பர் திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்குமே, அதுதான் இந்த நோட்டு. உங்கள் புரோகிராம் எத்தனையைக் கண்டுபிடித்தது, எத்தனையை விட்டது, இல்லாத எதையாவது இருப்பதாகச் சொன்னதா என்பதை நோட்டு இருந்தால்தான் சொல்ல முடியும். கார்ஃபிங்கல் பிற்பாடு இதையேதான் செய்தார். நிஜ மனிதர்களின் டேட்டாவை மாணவர்களுக்குக் கொடுக்க முடியாது என்பதால், ஆட்களை வைத்து ஒரு கம்பெனியில் நடப்பதுபோல நடிக்கச் செய்து, அந்தக் கம்ப்யூட்டர்களின் நகல்களைப் பொதுவில் வைத்தார்கள். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய அரசு நிறுவனமும் இப்படிப்பட்ட மாதிரி நகல்களை இலவசமாகத் தருகிறது. இறக்கிப் பழகிக்கொள். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிற கதைகள்.

அங்கேதான் உங்களுக்கு ஒரு தலைப்பு காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். தடயவியல் கருவிகளில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு தவறிப்போகிறது?

ஒரே ஒரு சொல்லை எடுத்துக் காட்டுகிறேன். 'கொடுங்கையூர்'. இதில் முதல் எழுத்து 'கொ'. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஒரு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். 'க' வைத்து, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியைப் போடுவது ஒரு வழி. 'க' வைத்து, கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடுவது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். அந்த எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். முதல் வழியில் 'கொடுங்கையூர்' 12 குறி, 36 பைட். இரண்டாவது வழியில் 13 குறி, 39 பைட். டிஸ்க்கில் பைட் பைட்டாகத் தேடும் கருவிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றைக் கொடுத்துத் தேடினால் மற்றது கண்ணில் படாது. யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையில் சேமித்திருந்தால் கதை மறுபடி மாறும்.

இந்த இரண்டு வடிவமும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. அதனால் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேடினால் இதைச் சரிசெய்யலாம். அந்த விதி கைகொடுக்காத இடங்களும் உண்டு. 'கௌரி' என்பதை எத்தனை பேர் கெ போட்டு, பக்கத்தில் ள போட்டு, ரி அடிக்கிறார்கள் என்று பார். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு, விதிப்படியும் வேறு. 'ஸ்ரீ' என்ற எழுத்துக்கும் இரண்டு வழி இருக்கிறது, அவையும் விதிப்படி சமமல்ல. பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வதை நீயே பார்த்திருப்பாய். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய ஃபைல்களில் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே எழுத்துரு போர்த்தியதால் தமிழாகத் தெரிகிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய பத்திரத் தகராறில் ஊர்ப்பெயரை வைத்து நான் அரை நாள் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுதப் போனேன். அந்த ஃபைலைக் கையால் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஊர்ப்பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. நான் 'இல்லை' என்று எழுதியிருந்தால் அது பொய்ச் சாட்சி.

இன்னொன்று, நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது. 'வாங்க' என்பதை ஒரு 'ஏ' போட்டு ஒருவர், இரண்டு 'ஏ' போட்டு இன்னொருவர். இதையும் சேர்த்தால் மூன்று பேருக்கு மூன்று வேலை. ஒருவன் குறிகள், ஒருவன் பழைய எழுத்துருக்கள், ஒருவன் ஆங்கில எழுத்துத் தமிழ். ஆட்டாப்சி என்ற இலவசக் கருவியை உங்கள் லேப்டாப்பில் ஓட்டலாம். 8 ஜிபியில் மெதுவாகத்தான் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் தேடியது எத்தனை, நீங்கள் எழுதும் தேடல் புரோகிராமில் கிடைத்தது எத்தனை, நோட்டில் உள்ளது எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே ஆராய்ச்சி. கருவி தோற்றாலும் உங்கள் புரோகிராம் தோற்றாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான், அப்படியே எழுதுங்கள்.

புரோகிராம் எழுதும் முறையில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் அடிபட்டிருக்கிறேன். போன் ஆப்களில் பல தங்கள் மெசேஜ்களை எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் வைக்கின்றன. பல நேரம் மூன்று ஃபைல்கள் சேர்ந்திருக்கும்: முக்கிய ஃபைல், பெயர் 'வால்' (wal) என்று முடியும் ஃபைல், 'எஸ்எச்எம்' (shm) என்று முடியும் ஃபைல். புதிய மாற்றங்கள் முதலில் வால் ஃபைலில்தான் விழும். ஒரு வரியின் பழைய உருவமும் புதிய உருவமும் அதில் அடுத்தடுத்துக் கிடக்கும். எங்களுக்கு அது தங்கம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டேட்டாபேஸை, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க, சாதாரண வியூவரில் திறந்தேன். பார்த்தேன், மூடினேன். போல்டரில் மூன்று ஃபைல் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. கடைசி இணைப்பு மூடும்போது வாலில் உள்ளதை முக்கிய ஃபைலில் கலந்துவிட்டு வாலை அழிப்பது எஸ்கியூலைட்டின் இயல்பு. அது தன் வேலையைச் செய்தது, தப்பு என்னுடையது. இன்னொரு நகல் கையில் இருந்ததால் வழக்கு பிழைத்தது.

ஆகவே உங்கள் புரோகிராமுக்கு நீங்கள் எழுதும் முதல் டெஸ்ட், தேடல் சரியா என்பதாக இருக்க வேண்டாம். புரோகிராம் ஓடி முடிந்தபின் மூல ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்பதுதான் முதல் டெஸ்ட். ஓடுமுன் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 ஹேஷ் (ஃபைலின் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண்) எடு, ஓடியபின் எடு, ஒரு எழுத்து மாறினாலும் டெஸ்ட் தோல்வி. எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறை போதுமே என்று யாராவது சொன்னால், ஒரே எம்டி5 தரும் இரண்டு வேறு ஃபைல்களை 2004-லேயே உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள், ஷா-1-க்கு அது 2017-இல் நடந்தது என்று சொல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு கொடுக்கும் சான்றிதழில் ஹேஷ் எழுத இடமே இருக்கிறது. அந்தப் படிவத்தை எடுத்து, உங்கள் புரோகிராம் தரும் அறிக்கையில் அதற்கு வேண்டிய விவரமெல்லாம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்.

இனி அந்த 'யூசர்' டேபிள். போன் நம்பரை பிரைமரி கீயாக வைத்தது உனக்குச் சாதாரணமாகத் தோன்றியிருக்கும், காலேஜ் லேபில் அப்படித்தான் பழக்கம். உன் வீட்டையே நினைத்துப் பார். சிம் யார் பெயரில்? அப்பா பெயரிலோ மாமா பெயரிலோ இருக்கும். போன் யார் கையில்? காலையில் அம்மா, மாலையில் தங்கை, ராத்திரி நீ. ஆப்பில் கணக்கு யார் நம்பரில்? போன வருஷம் விட்டுவிட்ட நம்பர் இன்றைக்கு யாரோ ஒருவரிடம். நம்பரையும் ஆளையும் ஒன்றாக்கிய டேபிளில் இது எதற்கும் இடமில்லை. அந்த டேபிளை நம்பி ஒருவர் அறிக்கை எழுதினால், மாமா அனுப்பாத மெசேஜை மாமா அனுப்பியதாகிவிடும்.

நபர், சிம், கருவி, கணக்கு, நான்கும் நான்கு டேபிள். அவற்றை இணைக்கும் ஒவ்வொரு வரியிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கட்டும், அது எங்கிருந்து தெரிந்தது என்றும் இருக்கட்டும். அதோடு 'கண்டது', 'ஊகித்தது' இரண்டையும் வேறு வேறு டேபிளில் வை. இந்த ஃபைலின் இந்த இடத்தில் இந்தப் பைட்டுகள் இருந்தன என்பது கண்டது. இதை அனுப்பியவர் மாமா என்பது ஊகித்தது. ஊகம் ஒவ்வொன்றும் தான் எந்தக் கண்டதன்மேல் நிற்கிறது என்று காட்ட வேண்டும். பீட்டர் சென் 1976-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று காட்டும் அதே ஈ.ஆர். வரைபடத்தைத்தான் நீங்களும் போடப் போகிறீர்கள். ஆனால் வரையும்போது கொருக்குப்பேட்டை வீடு ஒன்று கண்முன் இருக்கட்டும்.

நேரத்துக்கும் இதே கவனம் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை ஜவுளி வியாபாரி ஒருவரின் தகராறில் ஒரு மெசேஜ் மாலை 3.10 என்றது ஒரு அறிக்கை, இரவு 8.40 என்றது இன்னொன்று. இரு தரப்பும் ஒருவரையொருவர் மோசடி என்றார்கள். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். ஒருவர் உலகப் பொது நேரத்தை எழுதிவிட்டு அப்படி என்று குறிப்பிடவில்லை, அவ்வளவுதான். எண்களும் ஒரே இடத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. ஆண்ட்ராய்டு ஆப்கள் பெரும்பாலும் 1970 ஜனவரி 1-இலிருந்து மில்லிசெகண்டில், குரோம் பிரவுசர் 1601-இலிருந்து மைக்ரோசெகண்டில், ஆப்பிள் கருவிகளில் பல இடங்களில் 2001-இலிருந்து. கிடைத்த எண்ணை அப்படியே டேபிளின் ஒரு நெடுவரிசையிலும், எந்தக் கணக்கு என்பதை அடுத்த நெடுவரிசையிலும், மாற்றிய நேரத்தை மூன்றாவதிலும் வை. மாற்றியதை மட்டும் வைத்து மூலத்தைத் தூக்கிப்போட்டால் பிற்பாடு யாராலும் சரிபார்க்க முடியாது.

ரெடிமேட் புராஜெக்ட் வாங்காதே. வைவாவில் "இந்த வரி ஏன்?" என்று கேட்டால் உன்னிடம் பதில் இருக்காது. என் தொழிலில் அதே கேள்வியைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். இதில் ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் கம்பெனி அளவுக்கு எல்லா இடத்திலும் இருக்காது. ஆனால் வேலை இருக்கிறது. 1849-இல் மெட்ராஸில் ஆரம்பித்த ரசாயனப் பரிசோதகர் கூடத்தின் வழியில் வந்த நம் மாநிலத் தடயவியல் துறை, வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவுகள், தணிக்கை நிறுவனங்கள், என்னைப்போலத் தனியாகச் செய்பவர்கள் என்று பல வாசல்கள். மேலே படிக்க நினைத்தால் காந்திநகரில் தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் சான்றிதழைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரு டெஸ்ட் போனைக் கையில் கொடுத்து, பத்து நிமிஷம் கழித்து "இதுவரை என்ன செய்தாய், வரிசையாகச் சொல்" என்பேன். குறித்துவைத்திருப்பவருக்குத்தான் வேலை.

கைடிடம் இப்படிக் கேட்டுப் பார்: 'கைப்பேசித் தடயங்களில் தமிழ்ச் சொல் தேடல்: எழுத்துக் குறிமுறை வேறுபாடுகளால் தவறிப்போகும் சான்றுகளை அளவிடுதல்'. காலேஜ் ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சனிக்கிழமையே மூவரும் உட்கார்ந்து, முதலில் முப்பது சொற்களைத் தேர்ந்தெடுங்கள். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வரும் சொற்கள் குறைந்தது பத்து இருக்கட்டும்: கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, கோயில், தொகை, சோறு, கௌரி. ஒவ்வொன்றையும் ஐந்து விதக் கீபோர்டில் அடித்து, எத்தனை பைட் வருகிறது என்று குறியுங்கள். தங்கையையோ அம்மாவையோ அடிக்கச் சொல்வதாக இருந்தால், எதற்கு என்று விளக்கி, அவர்கள் சரி என்ற பிறகு இந்தச் சோதனை போனில் மட்டும் அடிக்கச் சொல். அவர்கள் சொந்த போனைத் தொடாதே.

கைடு மறுபடி "டேட்டா எங்கே?" என்றால் அந்த நோட்டைக் கொடு. 200 பக்க நோட்டாகவே வாங்கு, பத்து நாளுக்கு 80 பக்கம் போதாது. பேனாவில் எழுது, பென்சில் வேண்டாம். தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுது, கிழிக்காதே.